மாமனார் கடை ரெஜிஸ்ட்ரியில் நான் கைவைத்த கதை

ஒன்றுமே தெரியாத ஆளால் உலகத்தில் பெரிய சேதம் வந்ததில்லை. அவன் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். சேதமெல்லாம் அரைகுறைகளால் வருவது. நான் முழு நேர அரைகுறை.

அப்போது சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி என்னை 'சிஸ்டம் அட்மின்' என்று வைத்திருந்தது. பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்று போனில் சொல்வதும்தான் என் நிர்வாகம். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில், "கம்ப்யூட்டர்னா எல்லாமே நான்தான் மாமா" என்று அளந்துவிட்டேன். (அமுதா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வேறு எப்படிப் பேசுவதாம்?) அவள் அப்பா ஏழுமலை மாமா, செங்கல்பட்டில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவர். அன்றைக்கே கூடியிருந்தவர்களிடம், "மாப்ள கம்ப்யூட்டர்ல புலி" என்று அறிவித்துவிட்டார். புலியும் மறுக்கவில்லை.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாமா போன் செய்தார்.

"மாப்ள, கடை சிஸ்டம் ஒரே பேஜாரா கீது. ஆன் பண்ணிட்டு நாஸ்தா துன்னுட்டு வந்தாலும் சுத்திகினே கீது. நம்ம பேனரே இன்னும் அடிக்கல. கொஞ்சம் வந்து பாருங்க."

பேனர் கடைக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பேனர் இல்லையென்றால் அவர் செங்கல்பட்டில் தலைகாட்ட முடியாது. கம்ப்யூட்டர் புலி போய்ப் பார்த்தும் பேனர் வரவில்லையென்றால் நான் அந்த வீட்டிலேயே தலைகாட்ட முடியாது.

போனேன். முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு நாலு பட்டனைத் தட்டினேன். பிறகு, அரைகுறைகளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன்: "எல்லாத்தையும் அழிச்சிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசா போட்டுடலாம் மாமா."

இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைப் போடும்போது அது எங்கே இருக்கிறது, யாருக்கு விற்றது, என்ன செட்டிங் என்பதையெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் அந்தக் குறிப்பெல்லாம் காலி. புரோகிராம் வேறு டிரைவில் பத்திரமாக இருந்தாலும் திறக்காது. எனக்கு இது தெரியும். தெரிந்ததால், பேனர் புரோகிராமின் ரெஜிஸ்ட்ரி பதிவுகளை முன்ஜாக்கிரதையாக ஒரு ஃபைலாக எடுத்தேன். எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்தேன். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். அடுத்ததாக நான் அழித்ததும் சி டிரைவைத்தான். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவர்கள் பீரோவையாவது மிச்சம் வைத்தார்கள்.

புது சிஸ்டம் பளிச்சென்று வந்தது. மாமா பூரித்துப்போய் அதற்குக் கற்பூரம் காட்டினார். பேனர் புரோகிராமைத் திறந்தேன். பதிவு செய்யப்படவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. மூடித் திறந்தேன். அதே பெட்டி. அதை விற்ற கம்பெனியோ எப்போதோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தது.

"இன்னா மாப்ள, என்னமோ கேக்குதே?"

"லோட் ஆவுது மாமா. நான் ஒரு டீ சாப்ட்டு வந்துடறேன்."

டீ குடிக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பறந்தேன். அங்கே மாமாவின் தம்பி தணிகாசலம் தனியாக ஒரு பேனர் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கடை. இரண்டு மிஷினுக்கும் ஒரே புரோகிராமைச் சேர்த்தே வாங்கியிருந்தார்கள். பிறகு குடும்பத்தில் ஒரு காதுகுத்துப் பேனரில் அண்ணன் படம் நிலைக்கதவு அளவுக்கும் தம்பி படம் ஸ்டாம்பு அளவுக்கும் வந்ததில் கடை பிரிந்தது, பேச்சு நின்றது, எங்கள் பத்திரிகையில் அவர் பேரும் நின்றது. (பெரிய மனிதர்கள். சண்டைக்கு இதைவிட உருப்படியான காரணம் கிடைக்கவில்லை.)

"நீதான் அமுதாவுக்குப் பாத்த புள்ளையா? இன்னா வோணும்?" என்றார் தணிகாசலம்.

விஷயத்தைச் சொல்லி, "உங்க சிஸ்டத்துலேர்ந்து அந்தப் பதிவுங்களை மட்டும் எடுத்துக்கறேன் சின்ன மாமா. அவருக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

"என் வாயால வராது. எடுத்துகினு போ."

பென் டிரைவில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஃபைலை இரண்டு தட்டு தட்டியதும் ரெஜிஸ்ட்ரியில் போய்ச் சேர்ந்துகொண்டது. புரோகிராம் திறந்தது. "புலின்னு சும்மாவா சொன்னேன்" என்று மாமா என் முதுகில் தட்டினார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என்னையே ஓங்கி அறையத் தோன்றுகிறது.

ஏனென்றால் என்னோடு வந்தது புரோகிராமைத் திறக்கும் விவரம் மட்டுமல்ல, தணிகாசலத்தின் செட்டிங் முழுவதும். பேனர் கடைக்காரர்கள் எதை அடித்தாலும் கீழ் மூலையில் தங்கள் கடை பேரைப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் டைப் செய்யச் சோம்பல்பட்டு அதைச் செட்டிங்கிலேயே வைத்திருப்பார்கள். டிசைன் செய்யும்போது தெரியாது. அச்சில்தான் வந்து உட்காரும். அடித்த பேனரை நிச்சயதார்த்த அவசரத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சுருட்டி ஆட்டோவில் போட்டு மாமல்லபுரத்துக்கு அனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் கடற்காற்றுக்குப் படபடத்துக்கொண்டு நின்றது பேனர். நடுவில் நானும் அமுதாவும், சுற்றிலும் சொந்தக்காரர்களின் கழுத்துக்கு மேற்பட்ட பாகங்கள். கீழ் மூலையில், 'தணிகாசலம் ஃப்ளெக்ஸ், சிங்கப்பெருமாள் கோயில்'.

முதலில் பார்த்தவர் மாமாவின் பக்கத்துக் கடைக்காரர். "இன்னா ஏழுமலை, சொந்தப் பொண்ணு பேனரைத் தம்பி கடைல அடிச்சிகினு வந்துகீற? உன் மிஷினு இன்னா ஆச்சி?"

மாமா பேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையை மாற்றிவிடுவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

அதற்குள் பேனரின் போட்டோ வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. பந்தி போடும் நேரத்துக்குத் தணிகாசலம் பட்டு வேட்டியில், சம்சாரத்தோடும் சீர்த் தட்டோடும் வந்து இறங்கினார்.

"பத்திரிகைல பேரு இல்லன்னு மனசு கஷ்டமா கீது அண்ணாத்த. பேனர்ல போட்டுட்டு கூப்ட்டுகீறியே, அது போதும்."

அது தவறுதலாக வந்தது என்று சொன்னால் புலியின் வண்டவாளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா, வந்து துன்னு" என்றார்.

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து என்னைத்தான் தின்றார்கள். பாயசம் வருவதற்குள் தணிகாசலம் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் அண்ணனிடம் ஒப்பித்துவிட்டார். "எடுத்து வச்ச எடத்தையே அழிச்சிகீறான் அண்ணாத்த." "இவனையும் ஒரு கம்பெனில வேலைக்கு வச்சிகினு கீறானுங்க பாரு." பல வருஷம் பேசாதவர்களுக்குப் பேச ஒரு பொது விஷயம் வேண்டுமல்லவா, கிடைத்துவிட்டேன். அன்றிலிருந்து மாமா என்னை 'வாங்க, போங்க' என்பதையும் விட்டுவிட்டார்.

கல்யாணம் நடந்தது. போன வருஷம் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தோம். அண்ணனும் தம்பியும் ஒரே காரில் வந்தார்கள். வாசலில் என் பேர் பொறித்த கல்லைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருவரும் குனிந்து நின்றுவிட்டார்கள்.

"இரு அண்ணாத்த, மொதல்ல இது மாப்ள வூடுதானான்னு பாத்துக்குவோம்."

நான் அமுதாவைப் பார்த்தேன். கையில் பால் சொம்போடு நின்றிருந்தவள் அவர்களிடம் சொன்னாள்: "கீழ் மூலையையும் ஒரு தபா பாத்துடுங்க."