மரியாதை தெரிந்த டேப்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க அவனையே கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தவர்கள்: தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, நான், நம் பாப்பா, அவள் மடியில், படத்தை அழுத்தினால் அவளுக்காகப் பேசுகிற டேப். உன் அத்தான் வழக்கம்போல வரவில்லை.

விஷயம் இதுதான். பாப்பாவை அவள் தோழியிடமிருந்து பிரித்துத் தனி வகுப்பில் போடப் பார்த்தார்கள். அங்கே போகவே மாட்டேனென்று முதல்நாள் முழுக்க அழுதிருந்தாள் குழந்தை. தலைமையாசிரியை குனிந்து, "தனி வகுப்புக்குப் போறியா கண்ணு?" என்றார். இவள் படங்களைத் துழாவு துழாவென்று துழாவி ஒன்றை அழுத்த, அது செய்தி வாசிக்கிற குரலில் "நன்றி" என்றது. மறுபடி துழாவினாள். "ஆண்டவன் அருள்" என்றது. "பாத்தீங்களா, எவ்வளவு சந்தோஷமா ஒத்துக்கிறா!" என்று அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அதற்குள் பாப்பா டேப்பில் சாப்பாட்டுப் படங்கள் இருக்கிற பக்கத்துக்குத் தாவி, "போதும். போதும். சாப்பிட்டாச்சு. போதும்!" என்று விடாமல் அழுத்தினாள். "என்னம்மா போதும்?" என்றார் அவர். வகுப்பு டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க பேசினதுதான் மேடம்" என்றாள்.

பயிற்சியம்மா டேப்பை வாங்கிப் பார்த்து, "'வேண்டாம்' எங்கேங்க?" என்றார்.

"பெரியவங்ககிட்ட சொல்ற சொல்லா அது? என் தம்பிகிட்ட சொல்லி டேப்லேர்ந்து எடுக்க வெச்சுட்டேன்" என்றேன் பெருமையாக.

"வேண்டாம்னு சொல்ல வழியில்லாத பிள்ளைகிட்ட, போறியான்னு கேட்டு என்னங்க பிரயோஜனம்?"

தலைமையாசிரியை பேனாவை மூடினார். பாப்பா தன் வகுப்பிலேயே, தோழி பக்கத்திலேயே இருக்கிறாள். அக்கா ஆயிரம் சொல்வேன், கேட்டதும் எடுத்துவிடுவதா? படித்தவன்தானே நீ! ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தச் சொல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போ.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: நீ வர வேண்டியதில்லை. பயிற்சியம்மாவே 'வேண்டாம்' வைத்துக் கொடுத்துவிட்டார். நேற்று முதல் பல் தேய்க்க வேண்டாம், பால் வேண்டாம், நான் பாடினால் பாட்டும் வேண்டாம். வீடு கலகலவென்றுதான் இருக்கிறது. ஆனாலும் பிரார்த்தனை நேரத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை மறைத்துவைக்க வழி உண்டா? பாப்பாவைக் கேட்டேன், வேண்டாம் என்கிறாள். நீ சீக்கிரம் பதில் எழுது.