யாரெட்சியை அழைத்துப்போக வராதே

சான் அந்தோனியோ,
வியாழக்கிழமை

அன்புள்ள தங்கை நோயெமிக்கு,

உடல்நலம் விசாரித்துத் தொடங்குவதே முறை. உன் கடிதத்தில் கொதிக்கும் கோபத்தைப் பார்த்தாலே உன் இரத்த ஓட்டம் நன்றாக இருப்பது தெரிவதால் அதை விட்டுவிடுகிறேன். நானும் நலமே. அந்த நலத்துக்கு உன் மகள் யாரெட்சிதான் காரணம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நன்றி சொல்லிப் பழகாதவள் ஆகையால் சற்றுச் சுற்றி வளைத்தே வருவேன்; பொறுத்துக்கொள்.

ஞாயிறன்று லரேடோவிலிருந்து புறப்பட்டு வந்து யாரெட்சியை வீட்டுக்கு அழைத்துப்போகப் போவதாக எழுதியிருக்கிறாய். உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போனவள் கம்பெனி தொடங்குவானேன், தொடங்கியவள் பெரியம்மா வீட்டுக் கட்டிலுக்கடியில் பாய்களை அடுக்குவானேன், இப்படியே போனால் பட்டமும் வராது தொழிலும் நிற்காது என்பது உன் வழக்கு. வராதே. காரணத்தைக் கேள்.

சர்க்கரை நோயாளி காலையில் எழுந்ததும் அவள் செய்திருக்கும் அந்தப் பாயின்மேல் வெறுங்காலோடு சிறிது நேரம் நிற்க வேண்டும். அது இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிடும். ஒரு காலில் மட்டும் ஓரிடம் சூடேறியிருந்தால் மணி அடிக்கும். புண் வருமுன் சொல்வது ஆராய்ச்சி. அதை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது கம்பெனி. ஒன்றை விட்டால் மற்றது வெறும் காகிதம். நம் அம்மாவுக்குச் சர்க்கரைப் புண்ணால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தபோது நீ சின்னவள். எனக்கு நினைவிருக்கிறது.

சோதனைக்கு எங்கள் தேவாலயத்துப் பிங்கோ விளையாட்டு மேசையையே பிடித்தாள்: நானும் இன்னும் நான்கு பெண்மணிகளும், ஐவருக்கும் சர்க்கரை. பாயைக் கண்டதும் அவர்களில் ஒருத்தியான தோன்யா குக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "விடியக்காலைல வெறுங்காலோட தரைல நிக்கறதா? எனக்குச் சளி புடிச்சா உன் யுனிவர்சிட்டியா வந்து கோழி சூப் வச்சுக் குடுக்கும்?" "தரைல இல்ல தோன்யா, பாய்மேல." "பாய் எங்கடி இருக்கு? கூரையிலயா?" ஒருவழியாக நின்றார்கள். நின்ற நாள் முதல் ஐந்து வீட்டிலும் காரணம் தெரியாமல் தினமும் மணி அடித்தது, நாய்கள் குரைத்தன, உன் மகள் சாப்பாட்டை மறந்தாள். முதலீட்டாளர்கள் நடுவர்களாயிருக்கும் போட்டியில் பாயைச் செய்துகாட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தோற்றால் கம்பெனியை மூட வேண்டியதுதான். "கால்ல ஏதாவது தடவுறீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "ஒண்ணுமில்லடா செல்லம்" என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கல்லூரியில் முப்பதாண்டு வேதியியல் கற்பித்த நானும் இல்லையென்றே சொன்னேன்.

பிறகு ஒருநாள் பாயைத் துடைத்தவள் நிமிர்ந்தாள். "பெரியம்மா, இது என்ன வாசனை?"

"என்ன வாசனை? தைலம்."

"ஒண்ணும் தடவலேன்னீங்களே!"

"ராத்திரி உள்ளங்கால்ல தைலம் தேச்சுக் காலுறை போட்டுக்கறது தடவறதுல சேர்த்தியா? அப்போ ஜெபம் பண்றதையும் மருந்துன்னு எழுதிக்கோ."

உண்மைதானே? அந்த நீலப் புட்டி நமக்கு மருந்தல்ல. தொட்டிலிலிருந்து கூடவே வருவது. ஒரு பாதத்தை அழுந்தத் தேய்த்தபின் அடுத்ததற்குக் குனிய யாருக்கும் இடுப்பு இடம்கொடுப்பதில்லை என்பதால் ஒரு கால் சூடு, ஒரு கால் குளிர். பாய் பாவம் என்ன செய்யும்? உன் மகள் தரையில் உட்கார்ந்து அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து தைலத்துக்குத் தடை போட்டாள். நான்கு வீடுகளில் மணி அடங்கியது. என் வீட்டில் மட்டும் அடித்தது, அதுவும் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை, கோட்டும் சூட்டுமாக அவள் முதலீட்டாளர்களைப் பார்க்கப் புறப்பட்டு நின்றபோது.

"பாய் கெட்டுப்போச்சு. நீ கெளம்பு" என்றேன்.

"பாய் இல்ல பெரியம்மா, கால். காட்டுங்க."

"வலியே இல்லையே."

"வலிக்காததுதான் பிரச்சினை. ஏறுங்க வண்டியில."

புதுச் செருப்பின் தையல் கட்டைவிரலடியில் உள்ளுக்குள் புண்ணாக்கிக்கொண்டிருந்ததாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கத்திதான் என்றார் மருத்துவர். கட்டுப்போட்ட காலோடு நாங்கள் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, நாயின் மனநிலையைச் சொல்லும் கழுத்துப்பட்டை செய்த பையனுக்குப் பரிசு கொடுத்தாகிவிட்டது. இரக்கப்பட்டு ஐந்து நிமிடம் தந்தார்கள். "ஆதாரம் என்ன?" என்று நடுவர் ஒருவர் கேட்க, உன் மகள் வரைபடத்தைத் தேட, நான் காலைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். "இதுதான். கிட்ட வந்து பாருங்க, கடிக்காது." யாரும் வரவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில்தான் நடுவர்களில் ஒருவர், கான்ட்டூ என்ற பெரிய உடம்புக்காரர், மூச்சிரைக்க ஓடிவந்தார். "அந்தப் பாய் இருக்காம்மா? எனக்கும் சர்க்கரை." பூட்ஸைக் கழற்றி ஏறி நின்றார். மணி அடித்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. யாரெட்சி சற்றே குனிந்து மூக்கை உறிஞ்சினாள். "சார், ராத்திரி தைலம் தேச்சீங்களா?"

"தேச்சேனே! உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு நாள் தேய்க்காம இருந்துட்டு மறுபடி நில்லுங்க சார்."

மனிதர் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தம் காலைப் பல ஊர் நிபுணர்கள் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்றார். அடுத்த சோதனைக்கு அவரே பணம் போடுகிறார். ஆராய்ச்சி மட்டும் படித்தவளாலோ, வியாபாரம் மட்டும் தெரிந்தவளாலோ அப்படிக் கேட்க ஆகாது. உன் வீட்டில் வளர்ந்தவளால்தான் ஆனது. அதற்கு உனக்கும் ஒரு நன்றி. அடுத்த நன்றியை இந்த ஆண்டுக்குள் எதிர்பார்க்காதே. என் இரண்டு கால்களும் என்னிடமே இருக்கின்றன. அவளும் என்னிடமே இருக்கட்டும்.

உன் கணவருக்கு என் மரியாதையைச் சொல். தேவமாதா உங்களைக் காக்கட்டும். மாதாவுக்கு ஓய்விருந்தால் உன் கோபத்தையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
எர்லிந்தா

பி.கு.: இதை உறையிலிடும்போது யாரெட்சி வந்து சொன்னாள்: கான்ட்டூ அடுத்த சோதனையை லரேடோவில்தான் நடத்தச் சொல்கிறாராம், அவளுடைய பேராசிரியரும் சரி என்றுவிட்டாராம், இவளும் தலையாட்டிவிட்டாளாம். என்னை யாரும் கேட்கவில்லை. ஆகவே மேலே எழுதியவற்றை அடித்துவிட்டுப் படி. ஞாயிறன்று வா. பெரிய வண்டியாகக் கொண்டு வா. உன் வரவேற்பறையையும் காலி செய்து வை, பாய்களுக்கு இடம் வேண்டும். அவள் அறையை நான் வாடகைக்கு விடப்போவதில்லை; ஏனென்று கேட்காதே.