லேக் கார்டன்ஸ் சுயம்பு

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே மஹாதேவன் முடிவு செய்துவிட்டார். யார் கேட்டாலும் சரி, எப்படிக் கேட்டாலும் சரி, தன் ஓவியங்களில் எவருடைய தாக்கமும் கிடையாது. தான் ஒரு சுயம்பு.

கேட்கப் போகிறவள் ஸ்மிதா. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கலைப் பத்திரிகைகளில் எழுதுகிறவள். துர்கா பூஜைக்கு முந்தின வாரம் மஹாதேவனின் முப்பது ஓவியங்களை ஒரு காலரியில் மாட்டப் போகிறார்கள். அதற்கான கையேட்டில் முன்னுரை ஸ்மிதாவுடையது. பத்து மணிக்கு லேக் கார்டன்ஸ் வீட்டுக்கே வந்து பேட்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் தணிக்கை அதிகாரியாக இருந்த காலத்தில் மஹாதேவனைக் கண்டு ஓடினவர்கள்தான் அதிகம். தேடிக்கொண்டு வருகிற முதல் ஆள் இவள்தான்.

படங்கள் பெருமைப்படத் தக்கவைதான், அதில் சந்தேகமில்லை. மஞ்சள் டாக்ஸி ஒன்று, பச்சை வானம். மீன் கடையில் நாலு குடை, குடைக்குக் கீழே நாலு பேர், யாருக்கும் மூக்கு கிடையாது. ஏரிக்கரையில் ஒரு சிவப்புப் பெஞ்சு, அவ்வளவுதான். படங்களைத் தேர்வு செய்த காலரிக்காரர்கள் அதன்முன் பத்து நிமிஷம் நின்றார்கள். இத்தனை எளிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். சிக்கலுக்குப் பெயர் காமு.

மஹாதேவனுக்கு எதையும் விட்டுவிடத் தெரியாது. தணிக்கைப் புத்தி. ட்ராம் வரைந்தால் ஜன்னல் கம்பியை எண்ணி வரைவார். பயணிகள் ஒவ்வொருவருக்கும் மூக்கு, மீசை, சட்டைப் பித்தான். மனைவி காமு பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பின்னால் வந்து நிற்பாள். "இது எதுக்கு?" என்பாள். அவர் வெள்ளையை அடித்து அதை மறைப்பார். "இது?" அதற்கும் வெள்ளை. அவள் தாளிக்கப் போகும்போது படத்தில் மிச்சம் இருப்பதுதான் ஓவியம். இதைத் தாக்கம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தொணதொணப்பு என்றுதான் நினைத்திருந்தார்.

ஆனால் ஸ்மிதா எதிரில் காமு வாயைத் திறந்தால் சுயம்புப் பட்டம் கோவிந்தா. அதனால் ஒன்பது மணிக்கே ஆரம்பித்தார்.

"காமு, காளிகாட் போய் எவ்வளவு நாளாச்சு? கண்காட்சி நன்னா நடக்கணும்னு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாயேன்."

"இன்னிக்குச் சனிக்கிழமை. க்யூ மெட்ரோ வாசல் வரைக்கும் நிக்கும்."

"நிதானமா வா. ஒண்ணும் அவசரமில்லே."

கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவர் நிதானமா வா என்று சொன்னது அதுவே முதல் தடவை. காமு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மஹாதேவன் கண்ணாடி முன் நின்று தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஸ்மிதா வந்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். மஹாதேவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, தான் யாரையும் பின்பற்றவில்லை, யாரும் தனக்குச் சொல்லித் தரவில்லை, படம் முழுசாகத் தன் மனசில் வந்து இறங்குகிறது என்றெல்லாம் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடினாள்.

"மாமா, என் முன்னாடி ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன். ஹவுரா பிரிட்ஜ்."

மறுக்க முடியுமா? மனசில் முழுசாக வந்து இறங்குகிறது என்று இப்போதுதானே சொன்னார். கான்வாஸை எடுத்து வைத்தார். பாலம் வந்தது. கூடவே அதன் ஆணிகளும் வரிசையாக வந்தன. பஸ் வந்தது, பஸ்ஸின் நம்பர் வந்தது. தூணில் வெற்றிலை எச்சில் கறை. பூக்கூடைக்காரன், அவன் கூடையில் ஒவ்வொரு சாமந்தியாக. நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. கைதான் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்ப் போனை எடுத்தார்.

"காமு, ஒரு பிரிட்ஜ் போட்டேன். கொஞ்சம் நிறைய ஆயிடுத்து."

"ஆணி வெச்சேளா?"

"ஒரு பக்கம் மட்டும்."

"அழிச்சுடுங்கோ. பஸ் நம்பர்?"

"ரெண்டு பஸ்ஸுக்குத்தான்."

"பஸ்ஸே வேண்டாம். ஆத்துத் தண்ணிக்கு என்ன கலர்?"

"ஆத்து கலர்தான்."

"சிவப்பு அடிங்கோ. மனுஷா ஒருத்தர் போறும். மூக்கு?"

மஹாதேவன் சமையலறை வாசலிலிருந்து கான்வாஸை எட்டிப் பார்த்தார்.

"தெரியும். எடுத்துடுங்கோ," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து வெள்ளையை அள்ளி அடித்தார். ஆணி போயிற்று, பஸ் போயிற்று, மூக்கும் போயிற்று. சிவப்பு ஆற்றின் மேல் கறுப்பாக ஒரு வளைவு, அதன் நடுவில் தலையில் கூடையோடு ஒரே ஒரு ஆள். மஹாதேவன் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாகப் பார்த்த பாலம் முதல் தடவையாகக் கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. பெருமை தாங்கவில்லை. கீழே வலது மூலையில் தன் பெயரைப் பெரிதாக எழுதினார்.

"தாருண், மாமா," என்று வங்க மொழியில் பாராட்டினாள் ஸ்மிதா. அப்புறம் சிரித்துவிட்டாள். "வியாழக்கிழமை நீங்க வாக்கிங் போயிருந்தப்போ போன் பண்ணினேன், மாமிதான் எடுத்தாங்க. மாமாவோட தாக்கம் யாருன்னு கேட்டேன். அவர்கிட்ட கேக்காதே, அன்னிக்கு என்னை எங்கேயாவது அனுப்பிடுவார், நீ ஹவுரா பிரிட்ஜ் போடச் சொல்லு, முக்கால் மணியிலே கிச்சனுக்குள்ளே போய் யாருக்கோ போன் பண்ணுவார், அதான் பதில்னாங்க. நாப்பது நிமிஷத்திலேயே போயிட்டீங்க."

மஹாதேவன் நாற்காலியில் உட்கார்ந்தார். காமு குங்குமத்தோடு வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை.

முன்னுரையில் மாமி பேரையும் போடட்டுமா என்று கேட்டாள் ஸ்மிதா. மஹாதேவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேர் எதுக்கு? அவர் பேரையே போடு," என்றாள் காமு. "கோயில்லே பூசாரிகிட்டக்கூட ஆர்ட்டிஸ்ட் மஹாதேவன்னு சொல்லித்தான் அர்ச்சனை பண்ணிண்டு வரேன். அப்புறம் அந்தப் பூசாரி, பின்னாடி க்யூவிலே நின்ன ரெண்டு பேர், எல்லாரையும் கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கேன்."

மஹாதேவனுக்கு உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்றார். தோற்றாலும் பரவாயில்லை, இவளிடம்தானே தோற்றோம் என்று மனசு நிறைந்துபோயிற்று. காமு அவர் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு, பாலத்தின் முன் போய் நின்றாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் கண்ணிலும் பெருமைதான்.

"ரொம்ப நன்னா வந்திருக்கு," என்றாள். பிறகு குனிந்து வலது மூலையில் இருந்த பெரிய கையெழுத்தைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

மஹாதேவன் வெள்ளையை எடுத்தார்.