தினமும் திறக்கப்பட்ட ஆய்வகம்

ஒரு கல்லூரி எதையாவது ஆரம்பிப்பது என்று முடிவு செய்துவிட்டால் அதை யாராலும் தடுக்க முடியாது. அந்த ‘எதையாவது’ என்னவென்று தெரியத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

வேப்பம்பட்டு வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் பிள்ளைகளின் பொறியியல் கல்லூரி 1999 கோடையில் நானோவை ஆரம்பித்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் முன்னால் கம்ப்யூட்டர் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவடிக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி என்று போர்டு வைத்துவிட்டதால் படித்தவர்களுக்கு வேறு வார்த்தை தேவைப்பட்டது. தலைமுடியின் குறுக்களவை லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோ என்று பிரின்சிபால் லட்சுமணன் பெற்றோர் கூட்டத்தில் விளக்கினார். ஒன்றும் புரியாததால் எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்தது. கேண்டீன்காரர் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு, வடையைச் சிறிதாக்கி விலையை அப்படியே வைத்தார்.

திட்டத்தின் பெயர், ‘இளநிலை மாணவர்களுக்கான கோடைகால நானோ உற்பத்தி ஆராய்ச்சி அனுபவம்’. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கோடையில் பாதி போய்விடும். இதற்கு மூன்றாம் வருஷ மாணவி வரலட்சுமியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் அப்பா பூங்காவனம் ஆவடி பாக்டரியில் பிட்டர், எங்கள் குவார்ட்டர்ஸ்தான். கோடை முடிவில் ஆராய்ச்சி தேறினால், நகரத்தில் உள்ள பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைக்கும். தேறாவிட்டால் கோவில்பதாகை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அந்தப் பெண் விஞ்ஞானத்தைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை, பாவம்.

முதலில் தூசியில்லா அறை கட்டினார்கள். இரட்டைக் கதவு, ஏசி, உள்ளே போகிறவர்களுக்கு வெள்ளை அங்கி, தலைக்கு உறை, காலுக்கு உறை, வாய் மூக்குக்கு முகமூடி. நடுவில் நானோ துகள் செய்யும் வெளிநாட்டு இயந்திரம். அதன் பிளக் நம் ஊர் சுவரில் நுழையவில்லை. புதுப் பிளக் வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று கொள்முதல் குழு தீர்மானித்தது. அதற்காகத் திறப்பு விழாவைத் தள்ளிவைக்க முடியுமா?

பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் டாக்டர் பக்தவத்சலமே சிறப்பு விருந்தினராக வந்தார். தூசியில்லா அறைக்குள் குத்துவிளக்கு ஏற்றி, தேங்காய் உடைத்து, இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் சூடத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நாதஸ்வரம் வாசிக்க இயலாது என்று வித்வான் எழுத்து மூலம் தெரிவித்ததால் முகமூடியிலிருந்து அவருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

துகள் வந்தால் படிவதற்காக மேஜையில் வரலட்சுமி ஒரு தகடு வைத்திருந்தாள். விழா முடிந்ததும் அதை நகரத்துக்கு அனுப்பிப் பெரிய நுண்ணோக்கியில் படம் எடுத்துவரச் செய்தார்கள். படத்தில் உருண்டை உருண்டையாக அசல் நானோ கார்பன்.

“இயந்திரத்தை ஆன் பண்ணவே இல்லையே சார்,” என்றாள் வரலட்சுமி.

“அதுதான் முன்னேறிய தொழில்நுட்பம்,” என்றார் பிரின்சிபால்.

டாக்டர் பக்தவத்சலத்திடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம், மறுபடி மறுபடி வந்தால்தான் விஞ்ஞானம், கோடை முடிவில் நேரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அவள் மறுபடி தகடு வைத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை. பிரின்சிபால் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“முதல் நாள் இருந்து இப்போது இல்லாதது என்ன?”

“திறப்பு விழா சார்,” என்றார் திட்ட ஒருங்கிணைப்பாளர், கெமிஸ்ட்ரி பேராசிரியர் செபாஸ்டியன்.

“அப்படியானால் திறப்போம்.”

மறுநாள் முறைப்படி திறந்தார்கள். துகள் வந்தது. அதன் பிறகு கேட்க வேண்டுமா? ஆய்வகம் தினமும் காலையில் திறந்துவைக்கப்பட்டது. சிறப்பு விருந்தினர்களுக்குத்தான் தட்டுப்பாடு. திருநின்றவூர் பாத்திரக்கடை முதலாளி வந்தார், பூந்தமல்லி கல்யாண மண்டப ஓனர் வந்தார். கடைசியில் பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

“இன்னா சார், நேத்துதான தொறந்தேன்? இன்னிக்கும் தொறக்கணுமா?” என்று கேட்டார் ஒருவர்.

“நீங்கள் திறந்தது நேற்றைய ஆய்வகம்,” என்றார் பிரின்சிபால்.

ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு கல்வெட்டு. ஆய்வகச் சுவரில் இடம் தீர்ந்து காம்பவுண்டு சுவருக்கு வந்துவிட்டார்கள்.

வரலட்சுமிக்கு இது பொறுக்கவில்லை. விழாவில் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று கேட்டாள். சிறப்பு விருந்தினரையும் பிரின்சிபாலின் உரையையும் தவிர எதை வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று அனுமதி வந்தது. நாதஸ்வரம் இல்லாமலும் துகள் வந்தது. தேங்காயையும் குத்துவிளக்கையும் நிறுத்தினாள், அப்போதும் வந்தது. சூடத்தை நிறுத்தினாள், நின்றுவிட்டது. வீட்டு அடுப்படியில் ஒரு கட்டி சூடம் கொளுத்தி மேலே தகட்டைப் பிடித்து, அதையும் படம் எடுக்க அனுப்பினாள். அதே உருண்டைகள்.

செபாஸ்டியன் சாரிடம் ஓடினாள். “சார், நாம செஞ்சது சூடத்துக் கரி.”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“நான் கெமிஸ்ட்ரி படிச்சவன். சூடம் புகைஞ்சா கரி வரும், அந்தக் கரி நானோ அளவுலதான் இருக்கும்.”

“அப்ப ஏன் சார் சொல்லல?”

“என்னை யாரும் கேக்கலம்மா. கூட்டத்துல என்ன இல்லைன்னு கேட்டாங்க, திறப்பு விழான்னு சொன்னேன். தப்பா சொன்னேனா?”

அன்றைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள்.

“கரிக்கா ஏசி ரூமு போட்டுகினு கீறானுங்க?” என்றார் பூங்காவனம்.

“டாக்டர் வந்ததும் சொல்லிடப் போறேம்ப்பா.”

“சொல்லு. சீட்டு கைக்கு வந்தப்புறம் சொல்லு.”

“பொய் சொல்லி உள்ள போயிட்டு, அப்புறம் எப்படிப்பா உண்மையச் சொல்றது?”

“எல்லாரும் அப்டித்தாம்மா போயிகினு கீறாங்க.”

வரலட்சுமி சாப்பிடாமல் எழுந்து போய் அழுதாள். சொன்னால் இடம் போய்விடும், சொல்லாவிட்டால் படித்த படிப்பு போய்விடும். பெற்றவருக்கும் அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

டாக்டர் பக்தவத்சலம் வந்தார். அன்றைய ஆய்வகத்தை அவரே திறந்துவைத்து, வந்த படங்களை வரிசையாகப் பார்த்து, “அருமை, அருமை,” என்று தலையாட்டினார். வரலட்சுமி எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: இயந்திரம் இன்றுவரை ஓடவில்லை, இதெல்லாம் சூடத்துக் கரி, வீட்டு அடுப்படியில் எடுத்த படம் இதோ. பிரின்சிபால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அவளை மட்டும் வெளியே அழைத்துப் போனார்.

“எத்தனை காலேஜ்ல நான் இப்படி விளக்கேத்தி வெச்சிருக்கேன் தெரியுமா? எல்லாத்துலயும் முதல் நாள் ரிசல்ட் பிரமாதமா வந்திருக்கு.”

“அப்ப அதுவும் இதேதான் சார்.”

அவர் கொஞ்ச நேரம் காம்பவுண்டு சுவரின் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். “உன்னை மாதிரிப் பொண்ணு வெளியில இருக்கக் கூடாதும்மா,” என்றார் பிறகு. “எங்க நிலையத்துலதான் இருக்கணும். ஆர்டர் நாளைக்கே வரும்.”

சொன்னபடி வந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார் பூங்காவனம். கொடுத்த கையோடு, “அது வெறும் கரிப்பா, உங்க பசங்கள அதுல சேக்காதீங்க,” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனார். தன் பெண்ணுக்குக் கிடைத்தது அடுத்தவன் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது என்று மனுஷன் எப்படியெல்லாம் பேசுகிறார் பாருங்கள் என்று நாங்கள் முடிவு செய்து, அடுத்த வாரமே வரிசையில் நின்று பிள்ளைகளை நானோவில் சேர்த்தோம்.

உண்மையைச் சொல்லியே உள்ளே வந்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரலட்சுமிக்குத் தாங்கவில்லை. இனி எந்தக் கல்லூரியிலும் இந்தக் கூத்து நடக்க விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள் மதியம் நிலையத்தின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம் எழுந்து நின்று, தகடு, சூடம், கரி என்று முழுக்கச் சொன்னாள். யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

“எனக்கு ஊதுவத்தி,” என்றார் மோர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

“எங்க காலேஜ்ல குத்துவிளக்குத் திரி,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “நானும் இப்படித்தான் டாக்டர் முன்னாடி எழுந்து நின்னு சொன்னேன். மறுநாளே ஆர்டர் வந்துடுச்சு.”

எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காரும்மா,” என்றாள். “சாப்பாடு ஆறிடும்.”