சொன்ன நேரத்துக்கு வந்த சீர் வண்டி

"...இல்ல, தெரியாமதான் கேக்குறேன். சீருன்னா பீரோ வெப்பாங்க, கட்டில் வெப்பாங்க, குத்துவிளக்கு வெப்பாங்க. மண்டப வாசல்ல மலையாட்டம் பலாப்பழத்தக் குமிச்சு வெச்சு இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா. சிதம்பரத்தில், என் தங்கை செல்வியின் மாப்பிள்ளை அழைப்பில், சொந்தபந்தம் அத்தனையும் கேட்க.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் இதை மட்டும் ஒருத்தரும் வாயைத் திறந்து பாராட்டிச் சொல்ல மாட்டார்கள்.

கடலூரில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் எனக்கு வேலை. எந்தச் சரக்கு எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும், வண்டிச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடும் மென்பொருள் என் பொறுப்பு. யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். (திமிர் இருக்காதா பின்னே!) அப்பா எல்லோரையும்போல ஒரு குட்டியானை வண்டி பேசி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சீரை நேராக மண்டபத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

"ஏம்ப்பா, திரும்பி வரப்ப வண்டி காத்தையா ஏத்திக்கிட்டு வரும்? அந்த வாடகையும் நம்ம தலையிலதான" என்றேன்.

"கண்ணாலத்துக்குக்கூட கம்ப்யூட்டராடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

செல்வி மட்டும் என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "அக்கா, அவுங்க வர்றதுக்குள்ள சீரு எடுப்பா அடுக்கி இருக்கணும். அந்தத் தாய்மாமா ஒண்ணு சொன்னா வீடே அதத்தான் திருப்பிச் சொல்லுமாம். நாளைக்கு நாந்தான் அங்க போயி குப்ப கொட்டணும்."

"எங்கிட்ட உட்டுடு" என்றேன்.

ஊர்களைப் போட்டேன். தூரம், வாடகை, ரயில்வே கேட்டில் நிற்கிற நேரம், டிரைவர் டீ குடிக்கிற நேரம் வரை போட்டேன். எங்கள் கம்பெனிக்கு ஓட்டும் லாரிக்காரருக்கு அன்றைக்குக் காடாம்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பலாப்பழ லோடு இருந்தது. அதையும் போட்டேன். மென்பொருள் உத்தரவிட்டது: கடலூரில் சீரை ஏற்று, காடாம்புலியூர் போய்ப் பழத்தை ஏற்று, அழைப்புக்கு அரைமணி முன்னால் மண்டபத்தில் இரு. சுற்றுவழிதான். ஆனால் வாடகை பாதி!

லாரி வந்தது, நிமிடம் பிசகாமல். டிரைவர் பின்கதவைத் திறந்தார். பழம், பழம், பழம். முதலில் ஏற்றிய சீர் கேபினை ஒட்டி உள்ளே கிடக்க, கதவு வரைக்கும் பலா. ஏறின வரிசையை எந்தக் கட்டத்தில் போடுவதாம்? 'இறக்கும் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது வாஸ்தவம். பூஜ்யம் போட்டேன். ஒரு பீரோ, ஒரு கட்டில் இறக்க நேரம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

"அண்ணே, மொதல்ல மார்க்கெட்ல பழத்த எறக்கிட்டு வந்துடுங்களேன்."

"யாபாரி ராத்திரிதாம்மா கடையத் தொறப்பாரு. மண்டபம் மொதல்லன்னு நீங்கதான போட்டுக் குடுத்தீங்க?"

அப்பா, சித்தப்பா, சமையல்காரர்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கால்வாசி இறங்குவதற்குள் மாப்பிள்ளை ஊர்வலத்தின் நாதஸ்வரம் கேட்டுவிட்டது. (மாப்பிள்ளை மட்டும் எந்த மென்பொருளைக் கேட்டுக் கிளம்பினாரோ!)

வாசலில் வந்து நின்றதும் தாய்மாமா கேட்ட அந்தக் கேள்விக்குக் கூட்டம் சிரித்தது. மாடி ஜன்னலில் செல்வியின் முகம் தெரிந்தது. எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது. "அது சீரு இல்ல மாமா, யாபாரி சரக்கு" என்று ஆரம்பித்து, சுற்றுவழி, பாதி வாடகை, பூஜ்யம் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"அப்ப சீரு?"

"பழத்துக்குப் பின்னால இருக்கு. வண்டி கரெக்ட் டயத்துக்குத்தான் மாமா வந்துச்சு!"

இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கு நான் நேரத்தோடு போய் நின்றாலும், "வண்டி வந்துடுச்சு, எறக்கத்தான் முடியாது" என்று இரண்டு வீட்டாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கணக்கு சரி.

அன்றைக்குத் தாய்மாமா ஒருதரம் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். வாட்சைக் கழற்றி மாப்பிள்ளையின் பாக்கெட்டில் போட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். "நம்ம ஆளுங்க ஒருத்தரும் மண்டபத்துக்குள்ள போவக்கூடாது! வரிசையா நில்லுங்கடா, பொண்ணோட சீரு எறங்கணும்" என்று தன் பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, கைக்குக் கிடைத்த பெரிய பழமாகப் பார்த்துத் தூக்கி, முதல் ஆளாகப் பட்டுப்புடவையில் நின்ற என் கையில் இறக்கினார்.