கழுத்துக்குள் ஊசி போன பாதை

ஹுன்னஸ்கிரிய,
ஞாயிற்றுக்கிழமை.

கம்பளை மச்சான் ஜனார்த்தனன் அவர்களுக்கு, ராஜலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். போன வாரம்வரை "என் கழுத்தைத் தவிர" என்று சேர்த்திருப்பேன். இப்போது கழுத்தும் நலம்.

என் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கண்டியில் சொன்னதும், கழுத்தையே அறுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, தலையணை, பிளாஸ்க், நாலு சாரம் எல்லாம் கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். யார் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது, அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போகலாமே என்று நர்ஸ் மீன் வச்ச மாலு பணிஸ் ரெண்டு வாங்கிக் கொடுத்தாங்க.

அப்புறம் படுக்க வச்சு, ஜில்லுன்னு ஏதோ பசையத் தடவி, ஸ்கேன் கருவிய வச்சாங்க பாருங்க, பக்கத்துத் திரையில என் கழுத்தோட உள்பக்கம் அப்படியே தெரியுது மச்சான். நடுவுல கோலிக்குண்டு அளவுல கட்டி, பக்கத்துல ஒண்ணு டக்கு டக்குன்னு துடிக்குது. அது பெரிய ரத்தக்குழாய், அதுல படாம போகத்தான் பார்த்துக்கிட்டே குத்துறோம்னாங்க டாக்டர் நிலூஷா. ஊசி வெள்ளக் கோடா இறங்குது. நாப்பது வருஷம் தோட்டத்து லொறி ஓட்டினவன், இன்னொருத்தர் ஓட்டுறப்போ சும்மா கிடப்பேனா? கொஞ்சம் இடப்பக்கம் ஒடிங்க டாக்டர்னு சொல்லிட்டேன். சொன்னதும் கட்டி ஒரு துள்ளுத் துள்ளி, ஊசி விலகிப்போச்சு. டாக்டர் கையை எடுத்துட்டு, "ஐயா, நீங்க பேசினா ரோடே நகருது. நான் ஓட்டுறேன், நீங்க பேசாம வாங்க"ன்னாங்க. மறுபடி குத்தினப்போ எச்சில்கூட முழுங்கல. ஊசி முனை கட்டிக்குள்ள நேரா போய் நின்னுச்சு. கைதட்டணும் போல இருந்துச்சு மச்சான்.

பத்து நாள்ல முடிவு வந்துச்சு. புற்று இல்ல. பேப்பரை வாங்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நல்லாத்தான் நடந்தேன். அங்க போனதும் பெஞ்சுல உட்கார்ந்து அழுதுட்டேன். அவ்வளவு பயத்தை யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்கேன்.

நீங்களும் அப்படித்தான் வச்சிருக்கீங்க. கழுத்துக் கட்டிய மறைக்க, கம்பளை வெயில்ல நாலு மாசமா மஃப்ளரோட கடையில உட்கார்ந்திருக்கீங்கன்னு உங்க வீட்டம்மா, என் தங்கச்சி, போன்ல அழுதா. நீங்க மூத்தவர், நான் வற்புறுத்த மாட்டேன். ஆறுதலா யோசிச்சுப் பதில் எழுதுங்க.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முருகன் உங்க எல்லாரையும் நல்லா வச்சிருக்கட்டும்.

இப்படிக்கு,
ராஜலிங்கம்

பி.கு.: (திங்கள் காலை) யோசிக்கச் சொன்னதை அடிச்சிடுங்க. இதைத் தபால்ல போடல, தங்கச்சி கையில கொடுத்து உள்ள அனுப்பியிருக்கேன். உங்க கடைக்கு வெளிய வேனோட நிக்கிறேன். டாக்டரைப் பார்க்க உங்க பேர்ல நம்பர் எடுத்தாச்சு. நீங்க வந்து ஏறுற வரைக்கும் ஹார்ன் அடிப்பேன்.