தொரை குடுத்த வண்டிக்குப் புது வாரு

இந்த வருஷம் வண்டிப் பந்தயத்துல, வருஷா வருஷம் ஜெயிக்கிற கௌஸ் மைதீன் மரைக்காயரை மண்ணைக் கவ்வ வெச்சுட்டுத் தான் மறுவேலைன்னு ரங்கன் சபதம் எடுத்தான். எடுத்த எடம், அவன் வூட்டு வாசல். கேட்ட ஆளு ஒரே ஒருத்தி, அவன் பொண்டாட்டி பொன்னியம்மாள். அவளும் பாதி தான் கேட்டா. மீதிக் காது கூடையில துள்ற இறால் மேல இருந்துச்சு.

ரங்கன் ஏரியில வலை போடறவன். அவனுக்கு ஏது பந்தய வண்டின்னு கேக்கறீங்களா? கோட்டையில இருந்த ஒலாந்தாக்கார, அதான் டச்சுக்கார, தொரை ஒருத்தரு படகுல போவும்போது காத்தடிச்சு, தலையில வெச்சிருந்த பொய்முடி பறந்து ஏரியில வுழுந்துட்சு. மொட்டைத் தலையோட கோட்டைக்குள்ள எப்படி போறதுன்னு தொரை தவிச்சாரு. ரங்கன் ஒரே வீச்சுல வலை போட்டு அதைத் தூக்கிட்டான். உள்ள ரெண்டு நண்டு குடியிருந்துச்சு. அதையும் சேத்துத் தான் குடுத்தான். அந்த நன்றியில தொரை கடல் தாண்டி பத்தாவியா ஊருக்குக் கப்பல் ஏறும்போது, தன்னோட ரெண்டு சக்கர வண்டியை இவனுக்கு விட்டுட்டுப் போனாரு.

வண்டின்னா சாதா வண்டி இல்ல. நாலு மூலையிலயும் தோல் வாரு கட்டி, அதுல பலகையை ஊஞ்சலாட்டம் தொங்க விட்டிருந்துச்சு. பள்ளம் வந்தா பலகை ஆடும், ஒக்காந்தவன் ஆட மாட்டான். ஆனா அது ஒரு காலம். இப்ப வாரெல்லாம் வெடிச்சு, தொங்கிப் போய், கோட்டையைச் சுத்தி ஒரு வாட்டி போய் வந்தா ரங்கனோட முதுகெலும்பு எண்ணிக்கை ரெண்டு கூடிடும்.

"புது வாரு போடப் போறேன் பொன்னி. நானே, நம்ம வூட்டு வாசல்லயே. இறுக்கிக் கட்டினா வண்டி அம்பாட்டம் பறக்கும்."

"பறந்து?"

"பறந்து இன்னா? மரைக்காயரு பின்னாடி வருவாரு!"

"வந்து?"

"அவரு மூஞ்சியப் பாக்கணும்!"

"இத்தப் பாரு மாமா. கல்யாணத்தப்போ நான் உன் காது ஒசரம் இருந்தேன். பன்னெண்டு வருஷமா பொன்னேரி சந்தைக்கு மீன் கூடை சுமந்து சுமந்து இப்ப உன் கக்கம் ஒசரம் வந்துட்டேன். இன்னும் நாலு வருஷம் போனா என்னை மடியில கட்டிக்கினு போவ. அந்த வண்டிய மீனுக்குக் குடு."

"தொரை ஒக்காந்த வண்டியில கெளுத்தியா? த்தூ!"

"கெளுத்தி குளிச்சுட்டு வருது. தொரை குளிச்சாரா?"

வாக்குவாதம் முத்தி, கங்கையம்மன் மேல சத்தியம் ஆச்சு. ஜெயிச்சா வண்டி ரங்கனோட ஓட்டத்துக்கு. தோத்தா பொன்னியோட மீனுக்கு.

கோட்டைக் குதிரைங்களுக்கு சேணம் தைக்கிற அங்கமுத்து கிட்டேருந்து எருமைத்தோல் வாரு நாலு வந்துச்சு. வாங்கினு வந்தவ பொன்னி. ரங்கன் மூணு நாளு வண்டிக்கு அடியில படுத்தே குடித்தனம் பண்ணான். சோறு கூட அடியில தான் போச்சு. கட்டி முடிச்சு வாரைத் தட்டினான். தம்பட்டம் மாதிரி 'டங்'னுச்சு.

பந்தயத்தன்னிக்குக் காலையில பொன்னி பக்கத்துல வந்து நின்னா.

"மாமா, அங்கமுத்து அண்ணன் ஒண்ணு சொல்லி அனுப்பிச்சு. வாரு மேல தண்ணி படக் கூடாதாம். தோலு ஊறினா தொங்கிடுமாம்."

ரங்கன் கண்ணைச் சுருக்கினான். அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. பொன்னி எது சொன்னாலும் அதுக்கு நேர் எதிரா செஞ்சா லாபம். இதுவரைக்கும் ஒரு வாட்டி கூட லாபம் வந்ததில்ல. ஆனா கணக்கு மட்டும் மாறல.

மனசுக்குள்ள சிரிச்சுக்கினான். 'நான் தோத்தா வண்டி யாருக்கு? இவளுக்கு! என்னைப் போய் தண்ணி ஊத்தாதங்கறா. வலைக் கயிறு நனைஞ்சா இரும்பாட்டம் இறுகுது. பொறந்ததுலேருந்து கயிறு புடிச்ச கை இது. எனக்கே பாடம் எடுக்கறாளா?'

"சரி புள்ள, நீ போ"ன்னு அனுப்பிட்டு, எட்டுக் குடம் ஊத்தினான். அதோட மனசு ஆறல. சாக்கை நனைச்சு நாலு வாருலயும் சுத்தி வெச்சான். புண்ணுக்குக் கட்டு கட்டற மாதிரி.

கோட்டை வாசல்ல கூட்டம் அலை மோதிச்சு. காளை, பொன்னியோட அண்ணன் கிட்ட இரவல் வாங்கினது. கொடி இறங்கினதும் பிச்சுக்கினு ஓடிச்சு. மரைக்காயரு வண்டி பின்னாடி! ரங்கன் எழுந்து நின்னு மீசையை முறுக்கினான். ஒரு பக்கம் முறுக்கினான். அடுத்த பக்கம் முறுக்கறதுக்குள்ள அவனை விடக் குள்ளமா தெரிஞ்ச கூட்டம் ஒசந்து போச்சு. என்னடான்னு பாத்தா, கூட்டம் ஒசரல. இவன் எறங்கறான். வாரு நாலும் ஊறின பணியாரமாட்டம் இழுத்துக்கினே போயி, பலகை அச்சு மேல ஒக்காந்து, சக்கரம் 'கீய்ங்'னு கத்தி நின்னுட்சு. காளை திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. அந்தப் பார்வை அப்படியே பொன்னியோட அண்ணன் பார்வை.

மரைக்காயரு பக்கத்துல வந்து வண்டியை மெதுவாக்கினாரு. "சலாம் ரங்கா. ஏன்பா தரையில ஒக்காந்துட்டே? வூட்டுல ஒக்காரப் பாய் இல்லையா?" கேட்டுட்டுப் போயே போயிட்டாரு.

வூட்டுக்கு வந்தவன் குதிச்சான்.

"ஏமாத்திட்டடி!"

"நானா? இன்னா சொன்னேன்?"

"தண்ணி ஊத்தாதன்னு சொன்னே!"

"ஊத்தினியா?"

"...ஊத்தினேன்."

"அப்ப யாரு மாமா ஏமாத்தினது?"

"நான் ஊத்துவேன்னு உனக்குத் தெரியும்!"

"பன்னெண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இதுகூடத் தெரியலன்னா ஊரு சிரிக்காது?"

வாரு காஞ்சதும் அங்கமுத்து வந்து இழுத்துக் கட்டிட்டுப் போனாரு. அடுத்த நாளே ஏழு கூடை மீன் தொரை ஒக்காந்த பலகையில கம்பீரமா ஏறிச்சு. ரங்கன் வெள்ளைத் தலப்பா கட்டிக்கினு, மீசையை ரெண்டு பக்கமும் நிதானமா முறுக்கிட்டு, ஏறக் காலைத் தூக்கினான்.

"எங்க ஏறறே?"

"ஓட்ட ஆளு வேணாமா?"

"காளை எங்க அண்ணனுது. நான் சொன்னா தான் கேக்கும். நான் ஓட்டறேன்."

"அப்ப நானு?"

"எட்டாவது கூடைக்கு வண்டியில எடமில்ல மாமா. கொஞ்சம் குனி."